நெஞ்சுவலி முதல் ஸ்டென்ட் வரை: இதய சிகிச்சைப் பிரிவில் நோயாளியும் உடன் செல்பவரும் அறிந்திருக்க வேண்டியவை

இதய சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்கள் இரண்டு வாசல்கள் வழியாக வருகிறார்கள். சிலர் 108 வண்டியில் நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார்கள். மற்றவர்கள் கையில் ஒரு பரிந்துரைச் சீட்டுடன் புறநோயாளிகள் வரிசையில் காலையிலேயே வந்து அமர்ந்திருக்கிறார்கள். எந்த வாசல் வழியாக வந்தாலும் உள்ளே நடக்கும் வேலையின் முறை ஒன்றுதான்: மருத்துவர் ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்கிறார், அதற்கு விடை தரும் பரிசோதனையை எழுதித் தருகிறார், கிடைத்த விடையைக் கொண்டு அடுத்த கேள்விக்குப் போகிறார். உடன் செல்பவருக்கு இந்தக் கேள்விகள் தெரிந்திருந்தால், ஒவ்வொரு கட்டத்திலும் எதைச் சொல்ல வேண்டும், எதைக் காட்ட வேண்டும், எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்பது விளங்கும். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நடைமுறையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். தனியார் மருத்துவமனைக்குச் செல்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் கேள்வி: இது மாரடைப்பா?

நடு நெஞ்சில் பாரம் ஏற்றி வைத்ததுபோன்ற அழுத்தம், இடது தோளுக்கும் கைக்கும் தாடைக்கும் முதுகுக்கும் பரவும் வலி, கூடவே வியர்வை, குமட்டல், மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அடையாளங்கள் என்பது பலருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் நம் வீடுகளில் இந்த வலிக்கு முதலில் வைக்கப்படும் பெயர் "வாயுப் பிடிப்பு" என்பதே. ஓமத் தண்ணீர், சோடா, இஞ்சிச் சாறு, நெஞ்சில் தைலம் என்று இரண்டு மணி நேரம் கழிந்துவிடுகிறது. இரத்தக் குழாய் அடைபட்டிருக்கும் அந்த இரண்டு மணி நேரமும் இதயத் தசை மடிந்துகொண்டே இருக்கிறது. மடிந்த தசை மீண்டும் வளர்வதில்லை. இதயத்தின் அடிப்பகுதி பாதிக்கப்படும்போது வலி மேல் வயிற்றில் எரிச்சலாகவே தோன்றலாம் என்பதால், வலி இருக்கும் இடத்தை மட்டும் வைத்து வாயு என்று முடிவு கட்டுவது ஆபத்தானது.

எங்கள் பெரிய மாமாவுக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் இருந்தது. அவருக்கு நெஞ்சுவலியே வரவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் சட்டை நனையும் அளவுக்கு வியர்த்து, எழுந்து நிற்க முடியாத அசதி வந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து அத்தை சீனி கரைத்த தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தார். மதியம் எடுத்த ஈ.சி.ஜி.யில்தான் மாரடைப்பு என்று தெரிந்தது. மாமா பிழைத்தார், ஆனால் அவருடைய இதயம் பழைய வலுவுக்குத் திரும்பவே இல்லை. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும், முதியவர்களுக்கும், பெண்களில் பலருக்கும் மாரடைப்பு இப்படி வலியில்லாமலோ, வெறும் மூச்சிரைப்பாகவும் அசதியாகவும் வாந்தியாகவுமோ வரக்கூடும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே பாருங்கள். சர்க்கரை இறங்கவில்லை, ஆனால் வியர்வை நிற்கவில்லை என்றால் அடுத்து வேண்டியது ஈ.சி.ஜி.

இந்த நிலையில் நோயாளியை மாடிப்படி இறங்க வைக்கவோ, அவரே வண்டி ஓட்டிச் செல்லவோ விடக் கூடாது. 108-ஐ அழையுங்கள். பெரிய மருத்துவமனை தொலைவில் இருந்தால், ஈ.சி.ஜி. எடுக்கக்கூடிய மிக அருகிலுள்ள இடத்துக்கு முதலில் செல்லுங்கள். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கப்பட்ட "இதயம் காப்போம்" திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு முதல் தவணையாக 14 மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன: இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் (150 மி.கி.) இரண்டு, குளோபிடோகிரல் (75 மி.கி.) நான்கு, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் (10 மி.கி.) எட்டு. ஊரில் உள்ள சுகாதார நிலையம் சிறியது என்று எண்ணி அதைத் தாண்டிப் போகிறவர்கள் இந்த முதல் உதவியை இழந்துவிடுகிறார்கள். இரத்தக் குழாயை விரிப்பதற்காக நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைப் பக்கத்து வீட்டாரிடம் வாங்கி வைப்பது வேறு விஷயம்; இரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருந்தாலோ, நோயாளி ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ அது உயிருக்கே கேடாக முடியும். கூச்சத்தால் மறைக்கப்படும் இந்தத் தகவலை மருத்துவரிடம் தனியாகவாவது சொல்லிவிட வேண்டும்.

அவசரப் பிரிவில் நுழைந்த 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. வரிசையில் நிற்கச் சொன்னால், "நெஞ்சுவலி, ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அத்துடன் வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் கொண்டுவரும் தகவல்களில் இதைவிட மதிப்புள்ளது வேறில்லை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் சில மணி நேரத்தில் நன்றாக வேலை செய்கிறது. 12 மணி நேரம் கடந்தபின் பொதுவாக அதைப் போடுவதில்லை. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று முடிவாகிவிடாது. சற்று நேரம் விட்டு மீண்டும் எடுப்பார்கள். ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். இதயத் தசை சேதமடையும்போது இரத்தத்தில் கசியும் புரதம் அது; வலி தொடங்கிய உடனே அதன் அளவு ஏறியிருக்காது என்பதால், சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறை பார்க்கிறார்கள். "ஒரு முறை பார்த்துச் சரி என்று சொன்ன பிறகும் ஏன் இருக்கச் சொல்கிறார்கள்" என்று சினந்து வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

ஈ.சி.ஜி.யில் குழாய் முழுவதும் அடைபட்டதற்கான மாற்றம் தெரிந்தால், இரண்டு வழிகள் உள்ளன. கேத் லேப் (இரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்திச் சிகிச்சை செய்யும் கூடம்) வசதி அங்கேயே இருந்தால், உடனடியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, அதாவது பலூனால் குழாயை விரித்து, அடைப்பைத் திறப்பது முதல் வழி. மருத்துவமனைக்குள் நுழைந்ததிலிருந்து 90 நிமிடங்களுக்குள் அது முடிய வேண்டும் என்பது இலக்கு. அந்த வசதி 2 மணி நேரத்துக்குள் கிடைக்காத இடத்தில், ஸ்ட்ரெப்டோகைனேஸ் அல்லது டெனெக்டிபிளேஸ் ஊசியால் கட்டியைக் கரைத்துவிட்டு, வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பி, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் (இதயக் குழாய்களின் படம்) எடுப்பது இரண்டாவது வழி. சிறிய ஊரில் இருந்துகொண்டு ஊசி வேண்டாம், நேராகச் சென்னைக்கே போகிறோம் என்று நான்கு மணி நேரம் பயணிப்பது பெரும் இழப்பு. இந்த ஊசி இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியது என்பதால், அண்மையில் பக்கவாதம், தலையில் அடி, பெரிய அறுவை சிகிச்சை, வயிற்றுப் புண்ணில் இரத்தக் கசிவு ஏதேனும் இருந்ததா என்று கேட்பார்கள். முன்பு எப்போதாவது ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அதை இரண்டாம் முறை போடுவதில்லை.

இங்கே ஒரு வேண்டுகோள். ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது, "ஊரிலிருந்து அண்ணன் வரட்டும், அவரைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று குடும்பங்கள் தயங்கி நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மரியாதைக்குரிய வழக்கம்தான், ஆனால் அண்ணனிடம் கைப்பேசியில் பேசிக்கொண்டே கையெழுத்திடலாம். அந்த அரை மணி நேரத்தைத் திரும்ப வாங்க முடியாது.

புறநோயாளியாகச் செல்லும்போது

அவசரமில்லாத நோயாளிக்குக் கிடைப்பது மருத்துவரின் சில நிமிடங்கள். அந்த நிமிடங்களை நிரப்ப வேண்டியது நோயாளியின் சொற்கள். நெஞ்சுவலி என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் போதாது. அடைக்கிறதா, அழுத்துகிறதா, பிசைகிறதா, எரிகிறதா, சுருக்கென்று குத்துகிறதா என்று நம் மொழியில் உள்ள இத்தனை சொற்களும் நோயறிதலுக்கு உதவும். நடந்தால் வந்து, நின்றால் சில நிமிடங்களில் அடங்கும் அழுத்தம், இதயக் குழாய் அடைப்பின் தனி அடையாளம். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய, மூச்சை இழுத்தாலோ திரும்பினாலோ கூடுகிற குத்தல் பெரும்பாலும் தசையிலிருந்தோ விலாவிலிருந்தோ வருவது. ஆனால் அதை முடிவு செய்வது மருத்துவரின் வேலை. எவ்வளவு தூரம் நடந்தால் வருகிறது, போன மாதம் எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது என்ற ஒப்பீடு மிக முக்கியம். முன்பு கடைத்தெரு வரை போனவர் இப்போது வாசலைத் தாண்டுவதற்குள் நிற்கிறார் என்றால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே வலி வரத் தொடங்கியிருக்கிறது என்றால், அது புறநோயாளி வரிசையில் காத்திருக்க வேண்டிய நோய் அல்ல. அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மூச்சிரைப்பையும் அப்படியே அளந்து சொல்லுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார், நள்ளிரவில் எழுந்து உட்காருகிறாரா, மாலையில் கால் வீங்கிச் செருப்பு இறுகுகிறதா என்ற விவரங்களே இதயம் பலவீனமாகிவிட்டதா என்பதை மருத்துவருக்குக் காட்டிக்கொடுக்கின்றன. படபடப்பு என்றால், அது திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கிறதா என்றும், அப்போது கண் இருண்டு மயக்கம் வந்ததா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்போ திடீர் மரணமோ நிகழ்ந்திருந்தால் அதையும், புகைப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

காகிதங்களில் எல்லோரும் கொண்டுவர மறப்பது பழைய ஈ.சி.ஜி. இன்றைய ஈ.சி.ஜி.யில் தெரியும் ஒரு மாற்றம் புதியதா, பத்து ஆண்டுகளாக இருப்பதா என்பதைப் பழையதை அருகில் வைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் பல பரிசோதனைகள் தேவைப்படலாம். ஈ.சி.ஜி. தாளில் உள்ள எழுத்து நாளடைவில் மங்கிவிடும். எடுத்த அன்றே கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் தெரியாவிட்டால் அட்டைகளையே ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சித்த மருந்தோ லேகியமோ எடுத்துக்கொண்டால் அதுவும் அந்தப் பையில் இருக்கட்டும்.

எந்தப் பரிசோதனை எந்தக் கேள்விக்கு

எக்கோ என்பது ஒலி அலைகளால் இதயத்தைப் படமாகப் பார்ப்பது. வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. இதயம் எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது, வால்வுகள் சரியாகத் திறந்து மூடுகின்றனவா, அறைகளுக்கு நடுவே துளை இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அது விடை தரும். அறிக்கையில் ஈ.எஃப். என்று ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் உள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காடு வெளியே தள்ளப்படுகிறது என்பதன் அளவு அது. நல்ல இதயத்திலும் அது 100 ஆக இருக்காது. 55-க்கு மேல் இருந்தாலே இயல்பு. 60 என்று பார்த்துவிட்டு, "நாற்பது சதவீதம் இதயம் போய்விட்டது" என்று அழுத ஒரு தாயை அமைதிப்படுத்த எனக்கு வெகு நேரம் ஆயிற்று. 40-உம் அதற்குக் கீழும் என்றால் இதயம் கணிசமாகப் பலவீனமாகிவிட்டது என்று பொருள்.

எக்கோவால் இதயக் குழாய்க்குள் இருக்கும் அடைப்பை நேராகக் காண முடியாது. அதற்கு அடுத்த கேள்வி வேண்டும்: உழைக்கும்போது இதயத்துக்குப் போதிய இரத்தம் கிடைக்கிறதா? ஓடுபொறியில் நடக்கவைத்து ஈ.சி.ஜி. பார்க்கும் டி.எம்.டி. இதற்கானது. 3 நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணில் 85 விழுக்காடு அளவுக்கு நாடித்துடிப்பு ஏறும்வரை நடக்கச் சொல்வார்கள். முழங்கால் வலியால் பாதியில் இறங்கிவிட்டால் விடை கிடைக்காது. நடக்க முடியாதவர் அதை முன்பே சொல்லிவிட்டால் வேறு பரிசோதனை எழுதித் தருவார்கள். அவ்வப்போது வந்துபோகும் படபடப்புக்கும் மயக்கத்துக்கும் 24 மணி நேரம் உடலோடு கட்டியிருந்து இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி உதவும்.

ஆஞ்சியோகிராம் என்ற சொல்லைக் கேட்டதும் அறுவை சிகிச்சை என்றே பலர் அஞ்சுகிறார்கள். அது ஒரு படம் எடுக்கும் முறைதான். மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ மரத்துப்போகும் ஊசி போட்டு, மெல்லிய குழாயை இரத்தக் குழாய் வழியாக இதயம் வரை செலுத்தி, சாயத்தைச் செலுத்தி எக்ஸ்-ரே படமாகப் பார்க்கிறார்கள். நோயாளி விழித்தே இருப்பார்; சாயம் போகும்போது உடல் சற்றுச் சூடாவதுபோல் தோன்றும். அந்தச் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற இரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்வார்கள். சிறுநீரகக் கோளாறு, முன்பு சாயத்தால் ஏற்பட்ட ஒவ்வாமை, சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின், இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைத் தவறாமல் சொல்லுங்கள். பெரிய ஆபத்துகள் அரிது. இல்லவே இல்லை என்று எந்த நல்ல மருத்துவரும் சொல்லமாட்டார். முடிந்த பின் குழாய் செலுத்திய கையை மடக்காமலும், தொடை வழியென்றால் காலை அசைக்காமலும் சொன்ன நேரம் வரை இருக்க வேண்டும். அந்த இடம் வீங்கினாலோ இரத்தம் நனைத்தாலோ செவிலியரை உடனே அழைக்க வேண்டும்.

ஸ்டென்ட், பைபாஸ், மருந்து

படம் வந்தவுடன் குடும்பத்தாரை அழைத்து அடைப்பின் அளவைச் சொல்வார்கள். அப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தக் குழாயில், குழாயின் எந்தப் பகுதியில், எத்தனை விழுக்காடு? இதயத்துக்கு மூன்று முக்கியக் குழாய்கள் உண்டு. இடப்பக்கத்து இரண்டும் ஒரே அடிமரத்திலிருந்து பிரிகின்றன. அந்த அடிமரத்தில் 50 விழுக்காடு அடைப்பே கவலைக்குரியது. மற்றவற்றில் பொதுவாக 70-உம் அதற்கு மேலும் பொருட்படுத்தப்படும். இடைப்பட்ட அடைப்பாக இருந்தால், குழாய்க்குள் அழுத்தத்தை அளந்து பார்த்து முடிவெடுக்கும் முறையும் இருக்கிறது.

ஸ்டென்ட் என்பது அடைபட்ட குழாயை விரித்தபின் அது திறந்தே இருக்க உள்ளே வைக்கும் சிறு வலைக்குழாய். மாரடைப்பு வந்தவருக்கு அது உயிர் காக்கும் சிகிச்சை. அதில் தயக்கம் வேண்டாம். ஆனால் நடந்தால் மட்டும் வலி வந்து நின்றால் போகிற, நிலையான நோய் உள்ளவரின் கதை வேறு. 2020-இல் வெளியான இஸ்கீமியா என்ற பன்னாட்டு ஆய்வில் அத்தகைய 5,179 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் (அடைப்பைத் தாண்டி இரத்தத்துக்கு மாற்று வழி அமைக்கும் அறுவை சிகிச்சை) செய்தவர்களுக்கும், முறையான மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் இடையே இறப்பிலும் மாரடைப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வலி குறைந்து நிம்மதியாக நடமாட முடிவதில் ஸ்டென்ட் உதவியது. அடிமரக் குழாயில் அடைப்புள்ளவர்களும் இதயம் மிகவும் பலவீனமானவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே, "இது அவசரமா, மருந்தோடு சில வாரம் பார்க்கலாமா" என்று கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. கேட்க வேண்டிய கேள்வி அது; நல்ல மருத்துவர் பொறுமையாகவே விடை சொல்வார்.

மூன்று குழாய்களிலும் அடைப்பு, அதோடு சர்க்கரை நோய், அல்லது அடிமரத்தில் சிக்கலான அடைப்பு என்றால் பைபாஸ் அறுவை சிகிச்சையே பெரும்பாலும் நீண்ட நாள் பலன் தரும். மார்பின் உட்புறத்தில் ஓடும் தமனியை இதயத்தின் முன்பக்கக் குழாயோடு இணைத்தால், பெரும்பாலானவர்களுக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அது திறந்தே இருக்கிறது. இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சை 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் மருத்துவர் கே.எம். செரியனால் செய்யப்பட்டது. ஓர் அரசுத் துறை மருத்துவமனையில் அது தொடங்கியது என்பதை, அரசு மருத்துவமனையில் பைபாஸா என்று தயங்குகிறவர்களுக்காகவே சொல்கிறேன்.

வால்வு நோய்க்கும் பிறவிக் குறைபாட்டுக்கும் வழி வேறு. சிறு வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் பல ஆண்டுகள் கழித்து, இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடுகிறது. பல பெண்களுக்கு அது முதல் கர்ப்பத்தின்போது மூச்சிரைப்பாக வெளிப்படுகிறது. வால்வு ஏற்றதாக இருந்தால் பலூன் கொண்டே விரிக்கலாம். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடச் சொல்லும் பென்சிலின் ஊசியை, வலிக்கிறது என்பதற்காக நிறுத்திவிடக் கூடாது. அடுத்த காய்ச்சல் வால்வை மேலும் கெடுக்கும். உலோக வால்வு பொருத்தியவர், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் சாப்பிட்டு, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவைத் தவறாமல் பார்த்துவர வேண்டும். பால் குடிக்கும்போது வியர்த்து, எடை ஏறாமல், உதடு நீலம் பாரிக்கும் குழந்தையைத் தாமதமின்றி இதயப் பிரிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

பணம் பற்றி

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நோய் வந்த பின் வருமானச் சான்றுக்கு அலைவதைவிட, வீட்டில் ஒருவருக்கு இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருக்கிறது என்று தெரிந்த அன்றே அட்டை எடுத்துவிடுவது நல்லது. இலவசத் தொலைபேசி எண் 1800 425 3993. மருத்துவமனையில் காப்பீட்டுக்கென்று ஒரு மேசை இருக்கும். குடும்ப அட்டையும் ஆதாரும் கையில் இருக்கட்டும். தனியாரிடம் பணம் கட்டி ஸ்டென்ட் வைப்பவர்கள், 2017 பிப்ரவரி முதல் ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்திருப்பதை அறிந்திருக்க வேண்டும்; மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அப்போது 29,600 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது, பின்னர் திருத்தப்பட்டுவருகிறது. ரசீதில் ஸ்டென்ட்டின் பெயரும் விலையும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்குத் திரும்பிய பின்

இதயப் பிரிவு செய்த வேலையை வீட்டில் நாமே கெடுத்துவிடுவது மாத்திரையை நிறுத்துவதால்தான். புதிய ஸ்டென்ட் ஒரு அந்நியப் பொருள். அதன்மீது இரத்தம் உறையாமல் காப்பது ஆஸ்பிரினும், அதனுடன் சேர்த்துத் தரப்படும் குளோபிடோகிரல் அல்லது டிகாகிரிலார் மாத்திரையும். மாரடைப்புக்குப் பின் இரண்டையும் பெரும்பாலும் ஓராண்டு தொடரச் சொல்வார்கள், அதன் பிறகும் ஒன்று தொடரும். பல் பிடுங்க வேண்டும், கண்புரை அறுவை செய்ய வேண்டும் என்று யாரேனும் நிறுத்தச் சொன்னால், இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். கொழுப்பு மாத்திரையையும், "இப்போது சரியாகிவிட்டதே" என்று நிறுத்துகிறார்கள். கெட்ட கொழுப்பின் அளவு 70-க்குக் கீழ், இயன்றால் 55-க்குக் கீழ் இறங்கியிருப்பதே அந்த மாத்திரையால்தான். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மருந்துகள் 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. நடக்க இயலாத முதியவருக்குப் பெயர் பதிவு செய்துவிடுங்கள்.

இதயம் பலவீனமானவர் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், தினமும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதை அல்ல, உடலில் தங்கும் நீர். மூச்சு முட்டும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு ஆகிய நான்கையும் தட்டிலிருந்து எடுத்துவிட்டாலே உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் சாதாரண உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். இதய மாத்திரைகள் சிலவற்றோடு சேர்ந்து இரத்தத்தில் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும்.

விடுவிப்புச் சுருக்கத்தை இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை நோயாளியின் பையிலும் மற்றொன்றை வீட்டிலும் வையுங்கள். அதில் ஸ்டென்ட் எந்தக் குழாயில், எந்தத் தேதியில் வைக்கப்பட்டது என்பதும், ஈ.எஃப். எவ்வளவு என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று வார்டை விட்டு வெளியேறும் முன்பே சரிபாருங்கள். இல்லாவிட்டால் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவரிடம் கேட்டு அப்போதே எழுதி வாங்குங்கள். அன்று எடுத்த கடைசி ஈ.சி.ஜி.யின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை நெஞ்சில் ஏதேனும் அழுத்தம் தோன்றி, நள்ளிரவில் வேறோர் ஊரின் அவசரப் பிரிவில் நிற்க நேர்ந்தால், அங்குள்ள மருத்துவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.